மலைநாட்டுத் தேவாலயமும் மறந்துபோன பெயர்களும்



ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரு பேச்சு தவறாமல் எழும். "இந்த முறை நுவரெலியாவுக்குப் போவோமா?" என்று பிள்ளைகள் நச்சரிப்பார்கள். நீங்களும் சோறும் கறியும் கட்டிக்கொண்டு, குளிருக்கு உடுப்புகளும் எடுத்துக்கொண்டு, ஒரு வேன் பிடித்துப் புறப்பட்டுவிடுவீர்கள். விக்டோரியா பூங்கா, கிரகரி வாவி, ஹக்கலைப் பூந்தோட்டம் எல்லாம் பார்த்து, தேயிலைத் தொழிற்சாலையில் ஒரு கோப்பைத் தேநீரும் அருந்திவிட்டு வீடு திரும்புவீர்கள்.

வழியில் இன்னொன்றும் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். தேயிலை மலைகளுக்கு நடுவே ஒரு சிறிய கல் தேவாலயம். மேலே கூர்மையாக முடியும் ஜன்னல்கள். சுற்றிலும் பாசி பிடித்த கல்லறைகள். "அது வெள்ளைக்காரன் கட்டிய சேர்ச்" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு நாம் கடந்து போய்விடுகிறோம். நானும் பல வருடங்கள் அப்படித்தான் சொல்லி வந்தேன். அந்தச் சொல்லில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மறதி என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

ஒரு மாணவியின் கேள்வி

சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் அஹதிய்யாப் பாடசாலை மாணவிகளையும் அவர்களுடைய தாய்மாரையும் அழைத்துக்கொண்டு ஹற்றன் பக்கம் ஒரு சுற்றுலா சென்றோம். டிக்கோயாவுக்கு அருகே, பொகவந்தலாவை வீதியில் வார்லி தேவாலயம் இருக்கிறது. 1878 இல் கட்டப்பட்டது. அதன் கீழே காசல்ரீ நீர்த்தேக்கம் விரிந்து கிடக்கும் காட்சியைப் பார்ப்பதற்காகப் பஸ்ஸை நிறுத்தினோம். இறங்கிய கையோடு மழை கொட்டத் தொடங்கியது.

அங்கே காவலுக்கு இருந்த பெரியவர், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தமிழர், கதவைத் திறந்தார். "மழையில நிக்காதீங்க மௌலவி. பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு உள்ள வாங்க" என்றார். நான் வாசற்படியில் தயங்கி நின்றேன். அப்போது பன்னிரண்டு வயது மாணவி ஒருத்தி என் பக்கத்தில் வந்து நின்று கேட்டாள்: "மௌலவி, இந்த ஜன்னல் எங்கட பள்ளி ஜன்னல் மாதிரியே இருக்கே. அவங்க எங்களப் பார்த்துக் கட்டினதா, நாங்க அவங்களப் பார்த்துக் கட்டினதா?"

சகோதரிகளே! அரபுக் கல்லூரியில் பல ஆண்டுகள் ஓதியவன் நான். வாரிசுப் பங்கீட்டை நூலைப் பாராமலே சொல்லிவிடுவேன். ஆனால், அந்தச் சிறுமியின் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. "பிறகு சொல்கிறேன்" என்று சமாளித்தேன். அந்தப் பதிலைத் தேடிப் படித்ததில் கிடைத்தவற்றைத்தான் இப்போது உங்கள் முன் வைக்கிறேன்.

உள்ளே போகலாமா?

முதலில் உங்கள் மனதில் எழும் சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். மாற்று மதத்தாரின் வணக்கத்தலத்தைப் பார்வையிடுவது பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உருவங்கள் உள்ள இடத்தைத் தவிர்ப்பதே மேல் என்போர் உளர். அவர்களுடைய வணக்கத்தில் கலந்துகொள்ளாமல் பார்த்துவிட்டு வருவதில் தடையில்லை என்போரும் உளர். உங்கள் மனம் ஒப்பவில்லையானால் வெளியே நின்றே பாருங்கள். இத்தகைய கட்டடத்தில் பாதிப் பாடம் வெளிச்சுவரிலேயே இருக்கிறது.

ஆனால், எங்கே நின்றாலும் மரியாதை வேண்டும். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பைத்துல் முகத்தஸுக்குச் சென்றபோது, அங்கிருந்த தேவாலயத்தில் தொழுகை நேரம் வந்தது. உள்ளேயே தொழலாம் என்று தலைமைக் குரு கூறியும் அவர்கள் வெளியே வந்து தொழுதார்கள் என வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். "உமர் தொழுத இடம்" என்று சொல்லிப் பின்னால் வரும் முஸ்லிம்கள் அதைக் கைப்பற்றிவிடக் கூடாதே என்ற கவலைதான் காரணம். பிறர் உரிமையில் எத்துணைப் பேணுதல் பாருங்கள்!

கூர்முனை வளைவின் இரகசியம்

இனி அந்த ஜன்னலுக்கு வருவோம். இந்தக் கட்டட முறைக்குக் கோதிக் என்று பெயர். பாரிஸ் நகரின் நோத்ர தாம் பேராலயம் இதற்குப் பெயர்பெற்ற உதாரணம். 1163 இல் தொடங்கிய கட்டடம் அது. 2019 ஏப்ரல் 15 ஆம் திகதி அதன் மரக்கூரை தீப்பற்றி எரிந்ததை நீங்களும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். கூரை முழுவதும் சாம்பலானபோதும் அதன் கீழிருந்த கல் வளைவுகளில் பெரும்பகுதி இடிந்து விழாமல் தாங்கி நின்றது. திருத்த வேலைகள் முடிந்து 2024 டிசம்பரில் மீண்டும் திறந்தார்கள்.

எண்ணூறு ஆண்டுப் பழைமையான கல் வளைவு எப்படித் தாங்கியது? வீட்டில் இருந்தபடியே பிள்ளைகளுக்கு இதைக் காட்டலாம். சாப்பாட்டுத் தட்டு ஒன்றைப் பாதியாக வெட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். அது வட்ட வளைவு. வாசலின் அகலம் பத்து அடி என்றால் வளைவின் உயரம் ஐந்து அடிதான். அதற்கு மேல் உயர்த்தினால் அது வட்டமாக இருக்காது. இப்போது உங்கள் இரு கைகளையும் உயர்த்தி, விரல் நுனிகளை மட்டும் சேர்த்துப் பிடியுங்கள். இதுதான் கூர்முனை வளைவு. முழங்கைகளை நெருக்கினால் உயரம் கூடும், அகட்டினால் குறையும். அகலம் எதுவானாலும் வேண்டிய உயரத்துக்கு எழுப்பலாம்.

இன்னொரு நன்மையும் உண்டு. வட்ட வளைவு மேலிருக்கும் பாரத்தைப் பக்கவாட்டில் அதிகமாகத் தள்ளும். ஆகவே சுவர் தடிப்பாக இருக்க வேண்டும். ஜன்னலும் சிறிதாகத்தான் வைக்கலாம். கூர்முனை வளைவிலோ பாரம் பெரும்பாலும் கீழ்நோக்கி இறங்குகிறது. கூரையின் உட்புறத்தில் விலா எலும்புகளைப் போலக் கல் வளைவுகளை ஓடவிட்டு, வெளியே சுவருக்குக் கல்லால் முட்டும் கொடுத்துவிட்டால், சுவரை மெலிதாக்கிப் பெரிய ஜன்னல்கள் வைக்கலாம். கோதிக் தேவாலயங்களின் உயரமும், அவற்றின் வண்ணக் கண்ணாடிகளில் வந்து விழும் வெளிச்சமும் இப்படி உண்டானவையே.

வளைவு வந்த வழி

இந்த முறையில் எழுந்த முதற் கட்டடம் என்று பலரும் சொல்வது பாரிஸுக்கு அருகிலுள்ள சான் தெனி தேவாலயத்தின் ஒரு பகுதியை. அது முடிந்த ஆண்டு 1144. ஆனால், கெய்ரோ நகரில் அஹ்மத் இப்னு தூலூன் கட்டிய பள்ளிவாசல் கி.பி. 879 இல் முடிந்தது. அதன் நீண்ட தாழ்வாரங்களில் வரிசை வரிசையாக நிற்பவை கூர்முனை வளைவுகளே! ஸ்பெயினின் குர்துபாப் பெரிய பள்ளிவாசலில் கலீஃபா இரண்டாம் அல்ஹகம் 960களில் கட்டுவித்த பகுதியில், மிஹ்ராபுக்கு முன்னாலுள்ள குவிமாடங்களில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்லும் விலா வளைவுகளை இன்றும் காணலாம். சான் தெனிக்கு இவை பல தலைமுறை முந்தியவை.

இதை முதலில் சொன்னவர்கள் முஸ்லிம்கள் அல்லர் என்பதுதான் வியப்பு. லண்டனின் புனித பவுல் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை எழுதினார். கோதிக் என நாம் அழைப்பதைச் சரசேனியர் முறை என்று அழைப்பதே பொருந்தும் என்பது அவர் கருத்து. அக்காலத்து ஐரோப்பியர் முஸ்லிம்களைச் சரசேனியர் என்றே அழைத்தார்கள். கோத்தியர் என்ற பழங்குடியினருக்கும் இந்தக் கட்டடக் கலைக்கும் தொடர்பில்லை. பிற்கால இத்தாலியர் இதைக் காட்டுமிராண்டிக் கலை என்று இகழ்ந்து அந்தப் பெயரை ஒட்டினார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு ஒரே பூரிப்பு. "பார்த்தீர்களா, எல்லாம் நம்முடையதுதான்! இவர்கள் நம் பெயரை மறைத்துவிட்டார்கள்" என்று மாணவிகளிடம் சொல்லத் துடித்தேன். ஆனால், நியாயமாகப் பேச வேண்டுமே! முஸ்லிம்களும் இக்கலையை வெறுங்கையோடு தொடங்கவில்லை. ரோமரிடமும் பாரசீகரிடமும் கற்றுத்தான் வளர்த்தார்கள். அந்த வளைவு ஐரோப்பாவுக்குப் போனது சிசிலி வழியாகவா, ஸ்பெயின் வழியாகவா, சிலுவைப் போருக்கு வந்து திரும்பியவர்கள் மூலமாகவா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். கூர்முனை வளைவு, விலா வளைவு, வெளிமுட்டு மூன்றையும் ஒன்றாக இணைத்து வானளாவக் கட்டியது பிரான்ஸ் நாட்டுக் கொத்தர்களின் திறமை. ஆக, மாணவியின் கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் இல்லை. அறிவு கைமாறிக் கைமாறித்தான் வளர்கிறது. கொடுத்தவரின் பெயரை நினைவில் வைப்பது வாங்கியவரின் கடமை.

மலைக்கு வந்த கோதிக்

அந்த வளைவு நம் மலைநாட்டை எப்படி அடைந்தது? 1834 இல் லண்டனில் பாராளுமன்றக் கட்டடம் எரிந்தது. அதைத் திரும்பக் கட்டும்போது பழைய கோதிக் பாணியையே தேர்ந்தெடுத்தார்கள். 19 ஆம் நூற்றாண்டு முழுவதும் ஆங்கிலேயரிடம் அந்த மோகம் பரவியது. அவர்கள் குடியேறிய இடங்களுக்கெல்லாம் அதையும் கொண்டு சென்றார்கள். நுவரெலியாவின் ஹோலி டிரினிட்டி தேவாலயம் 1852 இல் திறக்கப்பட்டது. வார்லி 1878 இல் எழுந்தது.

நுவரெலியாவில் மணிக்கூட்டுக் கோபுரத்துடன் சிவப்புச் செங்கல்லில் நிற்கும் தபால் நிலையத்தையும் பலர் கோதிக் என்று நினைக்கிறார்கள். 1894 இல் கட்டப்பட்ட அது டியூடர் என்ற வேறொரு ஆங்கிலப் பாணி. அதை ஹோட்டல் தேவைக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று 2023 நவம்பரில் தபால் ஊழியர்கள் நாடு முழுவதும் வேலைநிறுத்தம் செய்தார்கள். வெள்ளைக்காரன் கட்டியதுதானே என்று அவர்கள் விட்டுவிடவில்லை. தாங்கள் உழைத்த இடம் தங்களுடையது என்றார்கள்.

வார்லி கட்டிய காலத்தை நினைத்துப் பாருங்கள். 1869 முதல் கோப்பிச் செடிகளில் இலைநோய் பரவி, தோட்டங்கள் அழிந்துகொண்டிருந்தன. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் பயிரிட்ட தேயிலை மெல்லத்தான் மலையேறி வந்துகொண்டிருந்தது. இன்று தேவாலயத்தின் கீழே தெரியும் நீர்த்தேக்கமும் அன்று இல்லை. 1960களில் ஆற்றை மறித்து அணை கட்டியபோது உண்டானது அது. புகையிரதம்கூட 1884 இல்தான் ஹற்றனை எட்டியது. அப்படியானால் கல்லும் மரமும் கண்ணாடியும் எப்படி மேலே வந்திருக்கும்? மாட்டுவண்டியிலும் மனிதர் தோளிலும்தானே!

கல்லில் உள்ள பெயர்களும் இல்லாத பெயர்களும்

மழை விட்டதும் கல்லறைகளிடையே நடந்தோம். துரைமாரின் பெயர், ஊர், வயது எல்லாம் கல்லில் வெட்டப்பட்டிருந்தன. மலைநாட்டின் இத்தகைய மயானங்களில் இளம் வயதில் காய்ச்சலுக்குப் பலியானவர்களையும் கைக்குழந்தைகளையும் காணலாம். கடல் கடந்து வந்து பிள்ளையைப் புதைத்துவிட்டு நின்ற அந்தத் தாய்மாரை நினைத்தால் மனம் கனக்கிறது. துக்கத்துக்கு இன பேதம் ஏது?

அதே வீதியில் மேலும் சென்றால் பொகவந்தலாவையில் புனித மரியாள் தேவாலயம் உள்ளது. ஜூலியா மார்கரெட் கமரோன் என்ற பெண்மணி அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவர் 1815 இல் கல்கத்தாவில் பிறந்தவர். பல பிள்ளைகளுக்குத் தாயான அவர் தமது 48 ஆவது வயதில்தான், மகள் அன்பளிப்பாகக் கொடுத்த கமராவைக் கையில் எடுத்தார். உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞரானார். "இனி எனக்கு என்ன படிப்பு" என்று பெருமூச்சுவிடும் சகோதரிகள் இதைச் சற்றுக் கவனிக்க வேண்டும். 1875 இல் கணவருடன் இலங்கைக்கு வந்து, 1879 இல் காலமானார். இங்கே அவர் படம்பிடித்தவர்களில் களுத்துறைக் கிராமத்து மக்களும் தோட்டத் தொழிலாளர்களும் இருந்தார்கள். பிடித்தவரின் பெயரை உலகம் அறியும். படத்தில் நிற்பவர்களோ "களுத்துறை விவசாயிகள்" என்ற அளவிலேயே நின்றுவிட்டார்கள்.

காவலுக்கிருந்த பெரியவரிடம், "இந்தக் கல்லையெல்லாம் சுமந்தவர்கள் யார்?" என்று கேட்டேன். "எங்க ஆளுங்கதான்னு பெரியவங்க சொல்வாங்க. பேரு யாருக்குத் தெரியும் மௌலவி!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னைத் தைத்தது.

அவருடைய ஆட்கள் யார்? 1820கள் முதல் தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிமார் கூட்டி வந்தவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளை வரை கால்நடையாக வந்தவர்கள். வாந்திபேதியிலும் மலேரியாவிலும் வழியிலேயே மடிந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களுக்கு நடுகல் இல்லை. அவர்கள் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் அதே திசையில் நடந்தார்கள். தப்பி வந்தவர்கள் மலையை வெட்டித் தோட்டமாக்கினார்கள், பாதை போட்டார்கள், கொழுந்து பறித்தார்கள். சுதந்திரம் கிடைத்த 1948 இலேயே பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அந்தக் குறையைத் தீர்க்க 2003 வரை சட்டங்கள் இயற்ற வேண்டியிருந்தது. அவர்களுடைய பிள்ளைகளில் பலர் இன்றும் லயன் காம்பராக்களிலேயே வாழ்கிறார்கள்.

என் வாப்பாவின் கொப்பி

சகோதரிகளே! இப்போது என் வீட்டுக் கதையொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். என் வாப்பா தோட்டத்துக்கு அருகே ஒரு கடை வைத்திருந்தார். சம்பள நாள்வரை லயத்து ஆட்களுக்கு அரிசியும் மாவும் துணியும் கடனுக்குக் கொடுப்பார். அந்த வியாபாரத்தில்தான் நாங்கள் சாப்பிட்டோம், நான் ஓதினேன். வாப்பா மௌத்தான பின் அந்தக் கடன் கொப்பிகளைப் புரட்டிப் பார்த்தேன். எத்தனையோ பக்கங்களில் பெயரே இல்லை. "எட்டாம் நம்பர் லயம்", "கங்காணி வீட்டுப் பக்கம்" என்றுதான் எழுதியிருந்தது. வாப்பா கெட்டவர் அல்லர். முகத்தைப் பார்த்தே ஆளைத் தெரியும் என்று எழுதாமல் விட்டிருப்பார். ஆனாலும், எங்களுக்குச் சோறு போட்டவர்களின் பெயர் எங்கள் வீட்டிலும் எழுதப்படவில்லை என்பது உண்மைதானே?

கூர்முனை வளைவைத் தந்தவர்களின் பெயரை ஐரோப்பா மறந்துவிட்டது என்று நாம் முறையிடுகிறோம். அந்த முறைப்பாட்டில் நியாயம் இருக்கிறது. ஆனால், அதே நாவினால், கல் சுமந்தவர்களை மறந்து "வெள்ளைக்காரன் கட்டியது" என்று சொன்னால் நம் நியாயம் எங்கே போயிற்று? நம்மை மறந்தது தவறு என்றால், நாம் மறப்பதும் தவறல்லவா? மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவராகமாட்டார் என்ற நபிவழிக் கருத்தை மாணவிகளுக்குப் பல முறை பாடமாக நடத்தியிருக்கிறேன். அன்றைக்கு அந்த மழையில் அதை நான் பாடமாகப் படித்தேன்.

நீங்கள் போகும்போது

அடுத்த முறை மலைநாட்டுக்குச் செல்லும்போது ஒரு மணி நேரத்தை இதற்காக ஒதுக்குங்கள். ஞாயிறு காலையையும் ஆராதனை நேரத்தையும் தவிருங்கள். பொறுப்பாக இருப்பவரிடம் அனுமதி கேட்டுவிட்டுச் செல்லுங்கள். படம் எடுப்பதற்கும் அனுமதி கேளுங்கள். பிள்ளைகள் கல்லறைகளின் மேல் ஏறி விளையாட விடாதீர்கள். தூரத்திலிருந்து வருவோருக்குப் பயணத் தொழுகையின் சலுகை உண்டு. ளுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதுகொள்ளலாம். ஹற்றனிலும் நுவரெலியாவிலும் பள்ளிவாசல்கள் இருக்கின்றன.

பிறகு பிள்ளைகளை அந்தக் கூரான ஜன்னலுக்கு முன் நிறுத்தி மூன்று கேள்விகள் கேளுங்கள். இதைக் கட்டச் சொன்னவர் யார்? இந்த வித்தையைக் கற்றுக் கொடுத்தவர் யார்? இதற்குக் கல் சுமந்தவர் யார்? முதற் கேள்விக்கு விடை கல்வெட்டிலே இருக்கும். இரண்டாவதற்கு நூல்களில் இருக்கும். மூன்றாவதற்கு விடை, பக்கத்து மலையில் கூடையைச் சுமந்துகொண்டு கொழுந்து பறிக்கும் தாயிடம் இருக்கும். அவரிடம் சலித்துக்கொள்ளாமல் நின்று, "உங்கட பேர் என்னம்மா?" என்று கேட்கப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள்.

அந்த மாணவி இப்போது வளர்ந்து, தானே அஹதிய்யாவில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள். சென்ற மாதம் அவளிடம் பழைய கேள்விக்கு என் பதிலைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பெரியவருட பேர் என்ன மௌலவி?" என்றாள். மழையில் கதவு திறந்துவிட்டவரின் பெயரை நான் கேட்கவே இல்லை!

இன்ஷா அல்லாஹ், அடுத்த பயணத்தில் கேட்பேன். நன்றி மறவாத உள்ளத்தை நமக்கும் நம் சந்ததிகளுக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.